அவையை அஞ்சுதலும் அவையோடு அஞ்சுதலும்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழர்க்கு அச்சம் என்பது அகராதியில் தேடிப் பொருள் காணவேண்டிய சொல் அன்று. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலமெல்லாம், வடார்க்காட்டுச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறிய நம் முன்னோர் கேஜில் ஏறி நிலத்தின் அடிவயிற்றுக்குள் இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் மிகுந்த ஆழமுடையது. பாறை எந்த நொடியில் வெடித்துச் சிதறும் என்று முன்னறிந்து சொல்ல வல்லார் எவரும் இலர்.

அத்தகைய இடத்துக்கு நாள்தோறும் இறங்கி ஏறியவர் என் தந்தையார். சுரங்கப் பாதைகளுக்கு மரத்தாங்கல் அமைக்கும் வேலை அவருடையது. அவர் ஒருமுறை எங்கள் லைனில் நடந்த திருவிழா நாடகத்தில் அமைச்சர் வேடம் ஏற்றார். நான்கடி உயர மேடையில் ஏறியதும் அவருடைய கால்கள் நடுங்கத் தொடங்கின. மன்னராக நடித்தவர் கேட்ட வினாவுக்கு விடை வரவில்லை. "மன்னா, மன்னா" என்று மும்முறை சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னே போய்விட்டார். கூட்டம் சிரித்தது. அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். வீடு திரும்பும் வழியில், "ஏன் நைனா, கேஜ்ல எறங்க பயப்படாத நீ, மேடையில ஏன் நடுங்கின?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நடந்தவர், "கேஜ்ல எல்லாருக்கும் பயம்டா. மேடையில எனக்கு மட்டும்தான் பயம்" என்றார்.

அந்த விடை நெடுங்காலம் எனக்கு விளங்கவில்லை. பின்னர் இளங்கலை வகுப்பில் பயின்றபோதும், நடுவண் அரசு அலுவலகத்தில் எழுத்தர் பணியேற்றுப் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலில் போய்வரும் வழியில் நாடக நூல்களைப் படித்தபோதும் அது என் நினைவில் வந்து வந்து நின்றது. நடிப்புக் கலையில் அச்சத்துக்கு உரிய இடம் யாது என்னும் வினாவுக்கு அவ்விரண்டு வாக்கியங்களிலேயே விடை அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. அதனை இச்சங்க மலரைப் படிக்கும் அன்பர்கள் முன் வைக்கிறேன்.

அவையும் அச்சமும்

திருவள்ளுவர் பொருட்பாலில் 'அவை அஞ்சாமை' என்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். பகைவர் நடுவே புகுந்து உயிர்விடத் துணிவார் உலகில் பலர் உண்டு. அவையின் நடுவே அஞ்சாமல் நிற்க வல்லார் சிலரே என்பது அவ்வதிகாரத்தில் அவர் கூறும் கருத்துகளுள் ஒன்று. கற்றோர் அவையில் சொல்லாடுவாரைப் பற்றியே அவர் பேசினார் எனினும், அரங்கேறும் நடிகனுக்கும் அது முற்றும் பொருந்தும். போர்க்களத்தில் நிற்பவனுக்கு இருபுறமும் தோழர் உளர். அவையில் நிற்பவனோ தனியன். அத்தனை கண்களும் அவன் ஒருவனையே நோக்குகின்றன. என் தந்தையார் வள்ளுவரைப் படித்தவர் அல்லர். ஆயினும் அவ்வேறுபாட்டைத் தம் கால் நடுக்கத்தில் உணர்ந்திருந்தார்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அச்சத்தை வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களையும் நான்காக வகுத்தார். தெய்வம் முதலாய அணங்கு ஒன்று; கொடிய விலங்கு ஒன்று; கள்வர் ஒன்று; தம்மை ஆளும் இறை ஒன்று. மேடை நடுக்கத்தை இந்நான்கனுள் எதில் அடக்குவது? இறுதியாகிய இறை என்பதில் அடக்கலாம் என்று தோன்றுகிறது. அன்றைய இரவுக்கு நடிகனின் அரசன் அவையே அன்றோ? கைதட்டுவதும் அது, கைவிடுவதும் அது.

இவ்விடத்தில் மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட பேராசிரியர் கூறும் நுட்பம் ஒன்று எண்ணி எண்ணி மகிழத்தக்கது. அரிமாவைக் கண்டு அஞ்சி ஓடிவரும் ஒருவனை மற்றொருவன் காண்கிறான். இவன் எதையோ கண்டு அஞ்சினான் என்பதை அவன் அறிவான். ஆனால் அவ்வாறு அஞ்சினவனைக் காண்பவனுக்கு நகையோ இரக்கமோ தோன்றுமேயன்றி அச்சம் தோன்றாது என்கிறார் பேராசிரியர். அரிமாவைத் தானே கண்டவனுக்குத்தான் அச்சம் பிறக்கும் என்பது இதிலிருந்து நாம் பெறும் முடிவு.

நடிப்பைப் பற்றி இதைவிடக் கூரிய ஒரு சொல்லை நான் கண்டதில்லை. மேடைமேல் நடிகன் நடுங்குவதால் மட்டும் அவை நடுங்கிவிடாது. அவன் வேண்டுமென்றே நடுங்கினாலும் சரி, தன்னை மீறி நடுங்கினாலும் சரி, காண்போர் சிரிப்பர், அல்லது இரங்குவர். என் தந்தையாரைக் கண்டு ஊரார் சிரித்தது கொடுமையினால் அன்று. அவர் அஞ்சிய அரிமா அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. அந்த அரிமா அவர்களே!

மேலைநாட்டார் கண்ட வழி

பிரெஞ்சு அறிஞர் திதரோ நடிகனின் முரணைப் பற்றி 1770களில் ஓர் உரையாடல் நூல் எழுதினார். அது அவர் மறைந்தபின் 1830இல் அச்சேறியது. சிறந்த நடிகன் தான் எதையும் உணர்வதில்லை. பிறர் உணருமாறு செய்கிறான் என்பது அவர் கொள்கை. உணர்ச்சிக்கு ஆட்பட்டவன் ஒரு நாள் நன்றாக நடிப்பான், மறுநாள் கெடுப்பான். அறிவால் அளந்து நடிப்பவனே என்றும் ஒருபடித்தாக நடிப்பான் என்று அவர் வாதிட்டார். இதன்படி நடிகனுக்கு அச்சம் ஆகவே ஆகாது.

இக்கொள்கை எவ்வளவு தூரம் செல்லும்? ஆங்கில நாடக உலகின் மாபெரும் நடிகராகிய லாரன்ஸ் ஒலிவியரை எடுத்துக்கொள்வோம். அரங்கில் நாற்பதாண்டு அளவு பழகியவர். அறிவால் அளந்து நடிப்பதில் தலைசிறந்தவர். 1964ஆம் ஆண்டையொட்டி, தம் ஐம்பதுகளின் பிற்பகுதியில், அவரை மேடை அச்சம் பற்றியது. சில ஆண்டுகள் அது நீங்கவில்லை. ஒதெல்லோ நாடகத்தில் தனிமொழி பேச நேரும்போது, இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லே தம் கண்ணுக்குத் தெரியுமாறு மேடையோரத்தில் நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தமது தன்வரலாற்றில் இதனை அவர் ஒளிவின்றி எழுதியிருக்கிறார்.

ஒலிவியர்க்கு வேண்டியிருந்தது பயிற்சி அன்று. அது அவரிடம் மிகுதியாகவே இருந்தது. அருகில் ஓர் ஆள் நிற்கவேண்டும் என்பதே அவர் தேவை. அச்சத்தைத் தனியே சுமக்க இயலவில்லை. கேஜில் தோளோடு தோள் நின்ற சுரங்கத் தொழிலாளி இதனை உடனே புரிந்துகொண்டிருப்பான்.

அஞ்ச வைத்தவர் அஞ்சியது

நம் நாடக மேடைக்கு வருவோம். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தொடக்கத்தில் நடிகராகவும் விளங்கினார். இரணியன், எமதருமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவருக்குப் பெயர் தந்தன. அவரைப் பற்றி நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகள் இரண்டு. சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரை எதிர்ப்பட்ட பெண்ணொருத்தி அஞ்சி உயிர் துறந்தாள் என்பது ஒன்று. சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்த அவரைக் கண்டு அதிர்ந்த ஒரு பெண்ணின் கரு கலைந்தது என்பது மற்றொன்று. இவற்றால் மனம் நொந்த சுவாமிகள் வேடம் புனைவதை விடுத்து, நாடகம் இயற்றுவதிலும் பயிற்றுவதிலும் ஈடுபட்டார் என்பர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்துச் சிறுவர்களைப் பயிற்றினார். டி. கே. சண்முகம் சகோதரர்கள் அச்சபையில் பயின்றவர்களே.

இச்செய்திகளை நடிப்பின் வெற்றிக்குச் சான்றாகவே மேடைகளில் எடுத்துரைப்பது வழக்கம். எனக்கோ இவை வேறொன்றைச் சொல்கின்றன. அரங்குக்குள் எமனைக் காண்போருக்கு அவன் எமன் வேடத்தினன் என்பதும் தெரியும். பாட்டும் தாளமும் பக்கத்தில் உள்ளாரும் துணை. நீர்நிலையில் தனியே கண்டவளுக்கு அத்துணை ஒன்றும் இல்லை. அரிமா வந்தது, அவை இல்லை. கலையின் எல்லையைத் தாண்டிய அச்சம் உயிரைக் கொல்லும் என்பதை அறிந்து அஞ்சியவர் சுவாமிகளே. பிறரை அஞ்ச வைக்கும் ஆற்றலைக் கண்டு தாமே அஞ்சிய அந்த உள்ளம், அவருடைய நடிப்பினும் பெரிதெனக் கருதுகிறேன்.

கூத்துக் களத்தின் காவல்கள்

இனி நம் சொந்தக் கலையாகிய தெருக்கூத்தைக் காண்போம். கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை முதலிய ஊர்கள் பழைய வடார்க்காட்டு மண்ணைச் சேர்ந்தவை. நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த மண்ணும் அதுவே. நகரத்து எழுத்தாளராகிய ந. முத்துசாமி 1970களில் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு ஆட்பட்டார். 1977இல் கூத்துப்பட்டறை தோன்றியது. புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் நகரத்து இளைஞர்கள் அடவும் பாட்டும் கற்றனர். அதன்பின்னரே படித்தவர் பலர்க்குக் கூத்தின் அருமை விளங்கியது.

கூத்தன் அச்சத்தை எவ்வாறு ஆளுகிறான் என்பதைக் கூத்தின் அமைப்பிலேயே காணலாம். அவன் திடீரெனத் தனியே மேடையில் வந்து நிற்பதில்லை. இருவர் திரை பிடிக்க, அதன் பின்னின்று முதலில் பாடுகிறான். குரல் அவைக்குப் பழகியபின் திரைக்கு மேலும் கீழுமாக முடியும் காலும் தெரிகின்றன. அதன் பிறகே திரை விலகுகிறது. அவையை அஞ்சுபவனுக்கு இதனினும் இரக்கமுள்ள ஒரு நுழைவாயிலை எவர் அமைத்தார்? அவன் பாட்டை ஏந்திப் பின்பாட்டுக்காரர் பாடுகின்றனர். மத்தளமும் ஆர்மோனியமும் முகவீணையும் அவன் முதுகுக்குப் பின்னேயே இருக்கின்றன. அடி மறந்தால் எடுத்துக்கொடுக்க ஆள் உண்டு; கட்டியக்காரன் ஒரு கேலி பேசி நேரத்தை நிரப்புவான். ஒலிவியர் கேட்டுப் பெற்ற துணையைக் கூத்தன் கேளாமலே பெறுகிறான்.

அஞ்சினவனைக் கண்டு நகுதலும் கூத்துக்குத் தெரியும். விராட பருவத்தில் உத்தரகுமாரன் அரண்மனைப் பெண்கள் முன் வீரம் பேசுகிறான். கௌரவர் சேனையைக் கண்டதும் தேரைவிட்டு ஓடுகிறான். அவை வயிறு குலுங்கச் சிரிக்கிறது. கோழையாக நடிப்பவனுக்குச் சபைக்கூச்சம் ஒரு சிறிதும் இருத்தல் ஆகாது என்பது இதிலுள்ள வேடிக்கை.

ஆனால் 'அர்ச்சுனன் தபசு' நடக்கும் இரவில் எவரும் சிரிப்பதில்லை. வானளாவ நட்ட தபசு மரத்தில் அர்ச்சுனன் வேடமிட்டவன் ஏறுகிறான். ஒவ்வொரு படிக்கும் நின்று பாடுகிறான். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் காத்திருக்கின்றனர். உச்சியிலிருந்து அவன் எறியும் எலுமிச்சம்பழத்தையும் பூவையும் மடியேந்திப் பெறுகின்றனர். கால் வழுவினால் என்னாகும் என்பது மேலிருப்பவனுக்கும் தெரியும், கீழிருப்போர்க்கும் தெரியும். அரிமா இருவர் கண்ணுக்கும் தெரிகிறது. அவன் அச்சத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பாட்டாக்கி ஏறுகிறான். அவை அண்ணாந்து அவனோடு ஏறுகிறது.

துச்சாதனன் கை

இவை யாவற்றுக்கும் முடிமணி 'துகில் உரிதல்'. 1990ஐ ஒட்டிய ஆண்டொன்றில் வடார்க்காட்டிலிருந்து வந்த கூத்துக் குழு ஒன்று எங்கள் பகுதித் திருவிழாவில் இக்கதையை ஆடியது. நள்ளிரவு கடந்தபின் துச்சாதனன் திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தான். புஜக்கட்டையும் கிரீடமும் அணிந்த துச்சாதனன் களம் அதிர அடவு போட்டான். திரௌபதியாக ஆடியவர் ஆண்தான். ஆயினும் அந்நேரத்தில் அதை எவரும் நினைக்கவில்லை.

சேலையில் கை வைக்கவேண்டிய இடம் வந்தது. ஆட்டம் நின்றது. மத்தளம் ஓய்ந்தது. துச்சாதனன் கற்பூரம் ஏற்றினான். திரௌபதியின் முன் விழுந்து வணங்கினான். பின் சபையை நோக்கிக் கைகூப்பி, இது வயிற்றுப் பிழைப்புக்குக் கட்டிய வேடம் என்றும், கதைக்காகத் தொடும் கை என்றும், தாயும் சபையும் தன்னையும் தன் பிள்ளைகளையும் பொறுத்தருளவேண்டும் என்றும் தழுதழுத்த குரலில் வேண்டினான். இவ்வாறு பிழை பொறுக்க வேண்டுதல் அக்கூத்துக்கு வழிவழி வந்த மரபு என்பதைப் பின்னாளில் அறிந்தேன். முன்னிருந்த பெண்கள் எழுந்து நின்றனர். என் தந்தையார் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அதன்பின் மத்தளம் முழங்கத் துச்சாதனன் சேலையைப் பற்றினான். அந்தக் கை நடுங்கியது.

அன்று எவரும் சிரிக்கவில்லை. நடுங்கிய கை துச்சாதனனுடையதா, கூத்தனுடையதா என்று எவரும் கேட்கவும் இல்லை. திதரோ அங்கிருந்திருந்தால் இடர்ப்பட்டிருப்பார். அந்நடிகன் உணர்ச்சியற்று நடித்தான் என்று சொல்ல இயலாது. உணர்ச்சியில் தன்னை இழந்தான் என்று சொல்லவும் இயலாது. அதன்பின் அவன் ஓர் அடியும் பிசகாமல் ஆடினான். அவன் செய்தது வேறொன்று. தன் அச்சத்தை மறைக்காமல் அவைமுன் எடுத்து வைத்தான். எதற்கு அஞ்சுகிறான் என்பதையும் காட்டினான். அவன் அஞ்சிய அணங்கை நாங்களும் அஞ்சினோம். அதுவரை அவன் எங்கள் எதிரே நின்ற ஒருவன். அந்நொடி முதல் எங்களோடு நின்ற ஒருவன். அவையை அஞ்சுதல் ஒழிந்து அவையோடு அஞ்சுதல் பிறந்தது.

எந்தக் கூத்திலும் இது தவறாமல் நிகழும் என்று நான் சொல்லமாட்டேன். காணிக்கை கருதி ஆவேசம் வந்ததாக நடிப்பாரும் உண்டு. அவை அதனைக் கண்டுகொள்ளும். அச்சம் கரை கடப்பதும் உண்டு. தஞ்சை மாவட்டத்து மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்மர் முகமூடி கோயிலில் வைத்து வழிபடப்படுவது. அதனை அணிபவர் நோன்பிருந்தே அணிவார். ஆவேசம் கொண்டு இரணியன்மேல் பாயும்போது சூழ நிற்போர் அவரைப் பிடித்துக்கொள்வர். பிடித்துக்கொள்ள ஆள் நிறுத்தியே முகமூடியை எடுக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

இன்றைய மேடை

அண்மையில் பெங்களூரில் ஓர் அரங்கில் இதே கதையை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கி ஆடக் கண்டேன். ஒளியமைப்பு சிறப்பாக இருந்தது; நடிகர்கள் நன்கு பயின்றவர்கள். துச்சாதனன் வணங்கவில்லை. மன்னிப்பு வேண்டவில்லை. கதையோட்டத்துக்குத் தடை என்று அதனை நீக்கிவிட்டார்கள் போலும். துச்சாதனன் கை உறுதியாக இருந்தது. சேலை வளர்ந்துகொண்டே வந்தது. அவையினர் கைபேசியில் படம் எடுத்தனர். ஒரு பெண்ணின் ஆடை களையப்படுவதைக் கண்டு அங்கு எவரும் அஞ்சவில்லை. அதுதான் எனக்கு அச்சம் தந்தது.

தெய்வத்துக்கு அஞ்சுவது மூடநம்பிக்கை அன்றோ என்று பகுத்தறிவு நெறி நிற்கும் நண்பர்கள் கேட்கக்கூடும். தங்கவயல் அந்நெறி வேரூன்றிய ஊர். அந்த வினாவை நான் மதிக்கிறேன். ஆயினும் துச்சாதனன் தயங்கிய இடம் எது என்று பார்க்க வேண்டுகிறேன். அவன் பேய்க்கும் பிசாசுக்கும் தயங்கவில்லை. ஒருத்தியின் மானத்தின்மேல் கை வைக்குமுன் தயங்கினான், வேடத்தில்கூட. அவளை அணங்கு என்றாலும் சரி, பெண் என்றாலும் சரி, அத்தயக்கத்தை இழந்த கலை எதைப் பெற்று ஈடு செய்யும்?

நம் சங்கத்தின் ஆண்டு விழாக்களில் சிறுவர் நாடகம் நடைபெறுகிறது. திரைக்குப் பின் நிற்கும் பிள்ளையிடம், "பயப்படாதே, எதிரில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்" என்று நாம் அனைவரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அது பொய் என்பது பிள்ளைக்குத் தெரியும். எதிரில் ஊரே இருக்கிறது. இனிமேல் வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கலாம். பயமாக இருந்தால் இருக்கட்டும். உன் கதையில் வருபவன் எதற்குப் பயப்படுகிறான் என்று அவர்களுக்குக் காட்டு. அவர்களும் உன்னோடு பயப்படுவார்கள் என்று சொல்லலாம். பின்பாட்டுக்கு நாலு பேரை அருகில் நிறுத்தலாம். என்றேனும் நாம் துகில் உரிதலை மேடையேற்றினால், துச்சாதனன் வணங்கும் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் நீக்காதிருப்போமாக.

கேஜில் காலெடுத்து வைக்குமுன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம் என்று என் தந்தையார் ஒருமுறை சொன்னார். சுரங்கம் மூடி இருபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. கேஜும் இல்லை, அதில் உடன் நின்றவர் பலரும் இல்லை. எதிர்வரும் ஆண்டு விழாவில் என் மகன் ஒரு சிறு வேடம் ஏற்கிறான். மேடைப் படியில் கால் வைக்குமுன் தரையைத் தொட்டு வணங்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டான். அவனுடைய தாத்தாவின் விடையை அவனுக்குச் சொன்னேன்.